எண் பெரிதானால் சொல் பெரிதாகுமா?

மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல் துறை

பலர் கூடிய சபையில் யாருடைய சொல்லை ஏற்பது என்ற கேள்வி எழுவது இயல்பு. வயதில் மூத்தவர் சொல்லை ஏற்கலாம். துறையறிந்தவர் சொல்லை ஏற்கலாம். பொறுப்பில் உள்ளவர் சொல்லை ஏற்கலாம். ஆனால், ‘யார் அதிகத் தடவை பேசினாரோ அவர் சொன்னதே முடிவு’ என்று ஒரு சபை விதி வகுத்தால் நாம் அதற்கு இணங்குவோமா? நகைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.

ஆயினும், கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் சுவரில் பொருத்திய இரும்புப் பெட்டிகளுக்குள் விளக்குகள் மினுக்க அமர்ந்திருக்கும் சுவிட்சுகளில் பல, இந்த விதிப்படி நடக்கும் இயல்போடுதான் வாங்கி மாட்டப்படுகின்றன. அதிகத் தடவை திருத்தப்பட்ட சுவிட்ச் எதுவோ, அதனிடமுள்ள பட்டியலையே மற்றவை தலைமேல் ஏற்கும். இந்த ஏற்பாடு வசதியானது. அதே வேளையில் ஆபத்தானது. இதைக் கட்டுப்படுத்தாமல் விடுதல் கூடாது என்பதே என் கருத்து. கணிப்பொறி படிப்போருக்கு மட்டும் உரிய செய்தி இது என்று பிற துறை நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. மதிப்பெண் பட்டியலும், உதவித்தொகை விண்ணப்பமும், நூலகக் கணக்கும் இன்று இப்பெட்டிகளின் வழியேதான் சென்று வருகின்றன.

ஒரே கம்பியில் பல வீதிகள்

1973 இல் அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் என்னும் முறைக்கு வித்திட்டார். ஒரே கம்பியில் இணைந்த கணிப்பொறிகள் யாவும் ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்கும் பொதுமன்றம் அது. கணிப்பொறிகள் பத்து இருபதாக இருந்தவரை இடரில்லை. நூறு, ஆயிரம் என அவை பெருகியபோது, ‘இந்த முகவரிக்கு உரியவர் யார்?’ என்று ஒரு பொறி எல்லாரையும் நோக்கி எழுப்பும் பிராட்காஸ்ட் என்னும் பொது அறிவிப்பே பேரிரைச்சலாயிற்று.

1980களில் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் சின்கோஸ்கி, ஈதர்நெட்டைப் பெரிய அளவுக்கு விரிப்பது எவ்வாறு என ஆராய்ந்தார். அம்முயற்சியில் பிறந்ததே வி-லேன் என்னும் கருத்து. கம்பியும் பெட்டியும் ஒன்றாகவே இருக்க, அவற்றுக்குள் தனித்தனி வீதிகள் பல ஓடும். ஒரு வீதியில் எழும் கூச்சல் அடுத்த வீதிக்குக் கேட்காது. 1998 இல் ஐ.இ.இ.இ. அமைப்பு இதற்கு 802.1கியூ என்னும் பொதுத்தரத்தை வெளியிட்டது. இரு சுவிட்சுகளை இணைக்கும் பொதுவழிக்கு டிரங்க் என்று பெயர். அவ்வழியே செல்லும் செய்தி எந்த வீதிக்குரியது என்று காட்ட, 4 பைட் அளவுள்ள சீட்டு ஒன்று அதனுள் செருகப்படும். சீட்டில் வீதி எண்ணுக்கென ஒதுக்கிய இடம் 12 பிட்டுகள். அதில் 4096 எண்கள் அடங்கும். முதலும் கடைசியும் தனித் தேவைக்கு ஒதுக்கப்பட்டமையால், நாம் பயன்படுத்தத் தக்கவை 4094.

ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். அலுவலகத்திற்கு வி-லேன் 10, தேர்வுப் பிரிவுக்கு 20, நூலகத்திற்கு 30, மாணவர் ஆய்வகத்திற்கு 40 எனப் பிரித்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் அமர்ந்திருக்கும் மாணவன் தேர்வுப் பிரிவின் கணிப்பொறியை நேரே அணுக முடியாது. இப்பிரிவினையால் அமைதியும் கிட்டுகிறது, காவலும் கிட்டுகிறது.

ஊருக்கெல்லாம் ஒரு தூதன்

வளாகத்தில் பன்னிரண்டு சுவிட்சுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வி-லேன் 50 ஒன்று வேண்டுமானால், பன்னிரண்டிலும் தனித்தனியே சென்று பதிய வேண்டும். இந்த உழைப்பைக் குறைக்கச் சிஸ்கோ நிறுவனம் தன் சுவிட்சுகளுக்கென வகுத்ததே வி-லேன் டிரங்கிங் புரோட்டோகால். சுருக்கமாக வி.டி.பி. என்பர். ஒரு சுவிட்சில் பட்டியலைத் திருத்தினால், டிரங்க் வழியே அச்செய்தி மற்றவற்றுக்கும் பரவும். திருத்தம் ஏதும் இல்லாத காலத்திலும் 300 விநாடிக்கு ஒருமுறை, ‘எங்கள் டொமைன் இது, எங்கள் திருத்த எண் இது’ என்ற சுருக்க அறிவிப்பு போய்க்கொண்டே இருக்கும்.

இதில் சுவிட்சுகள் மூன்று நிலைகளில் நிற்கலாம். சர்வர் நிலையில் உள்ளது பட்டியலைத் திருத்தலாம், பரப்பலாம், ஏற்கலாம். கிளையண்ட் நிலையில் உள்ளதில் நம் கையால் திருத்த இயலாது. அது பிறர் சொன்னதை ஏற்கும், மேலும் கடத்தும். டிரான்ஸ்பரன்ட் நிலையில் உள்ளது தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும். பிறர் அறிவிப்பைக் கடத்துமேயன்றித் தான் அதற்குக் கட்டுப்படாது. நாம் எதுவும் சொல்லாதபோது, பல வகைச் சுவிட்சுகள் தாமாக மேற்கொள்வது சர்வர் நிலையையே. இன்னும் டொமைன் பெயர் சூட்டப்படாத புதிய சுவிட்ச், டிரங்கில் முதலில் கேட்கும் பெயரைத் தன் பெயராகவே ஏற்றுக்கொள்ளும்.

இங்கேதான் திருத்த எண் என்பது நுழைகிறது. பட்டியலில் ஒரு மாற்றம் செய்தால் எண் ஒன்று கூடும். டொமைன் பெயர் ஒன்றாக இருந்து, வந்த அறிவிப்பின் எண் தன் எண்ணைவிடப் பெரிதாகவும் இருந்தால், சுவிட்ச் தன் பட்டியலை நீக்கிவிட்டு வந்ததை ஏற்கும். அனுப்பியவர் யார், அதிகாரம் உடையவரா, அவர் பட்டியல் பொருத்தமானதா என்பனவற்றை அது ஆராய்வதில்லை. கிளையண்ட் நிலையில் உள்ள சுவிட்ச் கூடத் தன்னிடம் பெரிய எண் இருந்தால் சர்வரின் பட்டியலையே மாற்றிவிடும் என்பது முதலிரண்டு பதிப்புகளில் உள்ள விந்தை. பணியாளே உரிமையாளனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பது போன்றது இது!

ஒரு பெட்டி செய்யும் வேலை

நமது கற்பனைக் கல்லூரியில் திருத்த எண் 37 என்க. செய்முறைப் பயிற்சிக்கென ஆய்வகத்தில் தனியே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அதில் வி-லேன்களை உருவாக்குவதும் அழிப்பதுமாக ஓராண்டு பழகியிருக்கிறார்கள். அதன் எண் 112 ஆகிவிட்டது. பழகுவோர் கல்லூரியின் டொமைன் பெயரையே அதற்கும் இட்டிருந்தார்கள். ஒருநாள் நூலகத்துச் சுவிட்ச் பழுதாகிறது. அவசரத்திற்கு ஆய்வகத்துப் பெட்டியைக் கொண்டுபோய் மாட்டுகிறார்கள். டிரங்க் இணைப்பு உயிர்பெறுகிறது. 112 என்னும் எண் 37ஐச் சந்திக்கிறது.

ஆய்வகப் பெட்டியில் இருந்ததோ பழகிய மாணவர்கள் விட்டுச்சென்ற இரண்டு மூன்று வி-லேன்கள். அந்தப் பட்டியலே இப்போது பன்னிரண்டு சுவிட்சுகளுக்கும் சட்டமாகிறது. 10, 20, 30 யாவும் மறைகின்றன. மறைந்த வி-லேனில் இருந்த போர்ட்டுகள் செயலற்றுப் போகின்றன. அலுவலகத்தில் இணைப்பு இல்லை. தேர்வுப் பிரிவில் இணைப்பு இல்லை. கம்பி அறுபடவில்லை, மின்சாரம் நிற்கவில்லை, எவரும் தீங்கு நினைக்கவில்லை. எனினும் வளாகமே வாயடைத்து நிற்கிறது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அனுப்பக் கடைசி நாள் அன்றாக இருப்பின் விளைவை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டாலும் பழைய பட்டியல் திரும்பாது. புதிய பட்டியல் எல்லாப் பெட்டிகளிலும் குடியேறிவிட்டது. ‘ஆய்வகப் பெட்டியின் அமைப்பை அழித்துவிட்டுத்தானே கொண்டுவந்தோம்’ என்று சிலர் வியப்பர். தொடக்க அமைப்புக் கோப்பு வேறு. வி-லேன் பட்டியல் இருக்கும் கோப்பு வேறு. முன்னதை அழித்தால் பின்னது அழியாது. திருத்த எண்ணும் அழியாது. இதை அறியாமல் தவறியவர்கள் பலர்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. எந்தப் போர்ட் எந்த வி-லேனுக்கு உரியது என்ற குறிப்பு அந்தந்தச் சுவிட்சிலேயே நிலைத்திருக்கும். ஆகவே சர்வர் ஒன்றில் அழிந்த வி-லேன்களை மீண்டும் உருவாக்கினால் போர்ட்டுகள் உயிர்பெறும். ஆனால் எவ்வெவ் வி-லேன்கள் இருந்தன என்பது தெரிய வேண்டுமே! அப்பட்டியல் ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால் அது சிறு வேலை. ஒருவர் நினைவில் மட்டும் இருந்து, அவரும் விடுப்பில் இருந்தால் அது பெரும் வேலை.

கடவுச்சொல் காக்காதா?

வி.டி.பி.க்குக் கடவுச்சொல் இடலாம். சொல் பொருந்தாத அறிவிப்பைச் சுவிட்ச் ஏற்காது. அந்நியர் பெட்டியை இது தடுக்கும். ஆனால் மேலே கண்ட விபத்தில் அந்நியர் எவர்? அது நம் வளாகத்துப் பெட்டி. நம் டொமைன் பெயரையே இட்டவர்கள் நம் கடவுச்சொல்லையும் இட்டிருந்தால், பூட்டு இருந்தும் பயனில்லை. திருடனிடம் அன்று, வீட்டாரிடமே சாவி இருக்கிறது. மேலும் இம்முறையில் நிரல் குறைகளும் இருந்ததுண்டு. திருத்த எண் தன் எல்லையைத் தாண்டிப் புரண்டுவிடும் குறையும், மிக நீண்ட வி-லேன் பெயரால் நினைவகம் வழியும் குறையும் 2006 செப்டம்பரில் வெளிப்படுத்தப்பட்டன.

நோயை அறிந்தே சிஸ்கோ நிறுவனம் மூன்றாம் பதிப்பைக் கொணர்ந்தது. அதில் ஒரே ஒரு சுவிட்ச் மட்டுமே முதன்மைச் சர்வராகி, பட்டியலைத் திருத்த இயலும். அப்பொறுப்பை ஒருவர் வேண்டுமென்றே கட்டளையிட்டுப் பெற வேண்டும். சுவிட்ச் அணைந்து எழுந்தால் அப்பதவியும் போய்விடும். எண்ணின் ஆட்சி தளர்ந்து பொறுப்பின் ஆட்சி வந்தது என்று இதனைக் கூறலாம். முந்தைய பதிப்புகள் 1005 வரையுள்ள எண்களையே பரப்பின. இது 4094 வரை பரப்பும். வி.டி.பி.யை அடியோடு நிறுத்திவைக்கும் நிலையும் இதனுடன் வந்தது. ஆக, நான் சொல்லும் குறையை ஆக்கியோரே ஒப்புக்கொண்டு திருத்தியிருக்கிறார்கள். ஆனால் திருத்தம் வந்துவிட்டது என்பதனாலேயே நம் சுவர்ப்பெட்டிகளில் அது வந்து அமர்ந்துவிடாது. ஒருவர் அமைத்தால்தான் அமையும்.

வாய்க்காலும் மடையும்

பட்டியல் பரவுவதைப் போலவே, வி-லேன்களின் பொது அறிவிப்புகள் பரவுவதையும் அடக்க வேண்டும். நாம் தடுக்காவிடில், டிரங்க் எல்லா வி-லேன்களையும் சுமக்கும். நூலகக் கட்டடத்தில் தேர்வுப் பிரிவுக்குரிய கணிப்பொறி ஒன்றுகூட இல்லை. ஆயினும் வி-லேன் 20இல் எழும் ஒவ்வொரு கூவலும் நூலகம் வரை சென்று, கேட்பாரின்றி மடியும். கண்மாயிலிருந்து வாய்க்காலைத் திறந்துவிட்டவன், பயிரில்லாத வயலுக்கும் மடையைத் திறந்து வைத்திருப்பானா?

இதற்கு வழி இரண்டு. ஒன்று, புரூனிங். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்வதுபோல், தேவையற்ற கிளைகளை வி.டி.பி. தானே கழித்துவிடும். நாம் இயக்கினாலன்றி இது செயற்படாது. 2 முதல் 1001 வரையுள்ள எண்களுக்கே இது பொருந்தும். வி-லேன் 1ஐ இதனால் கழிக்க இயலாது. மற்றொன்று, டிரங்க் ஒவ்வொன்றிலும் இன்ன எண்கள் மட்டுமே செல்லலாம் என்று நாமே எழுதிவைப்பது. நான் இரண்டாவதையே வற்புறுத்துவேன். முதலாவது தேவையைக் கண்டு தானே திறந்து மூடும் மடை. இரண்டாவது நாம் அறிந்து வைத்த மடை. காவல் என்று வரும்போது நாம் அறிந்து வைத்ததே உறுதியானது.

அறிந்து வைப்பதிலும் விழிப்பு வேண்டும். ஏற்கனவே உள்ள எண்களோடு ஒரு புதிய எண்ணைச் சேர்க்கும்போது, ‘சேர்’ எனப் பொருள்படும் கட்டளைச் சொல்லை விட்டுவிட்டால், பழைய எண்கள் யாவும் நீங்கிப் புதியது ஒன்றே எஞ்சும். ஒரு சொல் குறைந்ததால் ஒரு கட்டடமே துண்டிக்கப்படும்.

எல்லை வகுக்காத வலை எந்த அளவுக்குத் துன்பம் தரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெத் இஸ்ரேல் டீகோனஸ் மருத்துவ மையத்தின் கணிப்பொறி வலை நாட்கணக்கில் நிலைகுலைந்தது. மருத்துவர்களும் செவிலியரும் மீண்டும் தாளுக்கும் எழுதுகோலுக்கும் திரும்பினர். அங்கே காரணம் வி.டி.பி. அன்று. சுவிட்சுகளுக்கிடையே சுழல் ஏற்படாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ என்னும் ஏற்பாடு, தான் தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் விரிந்த வலையில் தளர்ந்துபோனதே காரணம். காரணம் வேறாயினும் பாடம் ஒன்றே. ஒட்டு மொத்தமும் ஒரே பரப்பாக இருந்தால் ஒரு மூலையில் எழும் தீ மறுமூலை வரை செல்லும்.

மறுப்புரைக்கு விடை

‘பன்னிரண்டு சுவிட்சுகளிலும் கையால் எழுதுவது வீண் உழைப்பு, அதில் மட்டும் பிழை வராதா?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கையால் எழுதினால் பிழை வரத்தான் செய்யும். ஆனால் அப்பிழை ஒரு சுவிட்சோடு நிற்கும். தானே பரவும் முறையில் வரும் பிழை வளாகம் முழுவதையும் பிடிக்கும். நிற்கும் பிழையைத் திருத்துவது எளிது. மேலும் கல்லூரி ஒன்றில் ஆண்டுக்கு எத்தனை தடவை புதிய வி-லேன் தேவைப்படும்? விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண்டில் இரண்டு மணி நேர உழைப்பை மிச்சம் பிடிக்க, ஆண்டு முழுவதும் அபாயத்தைச் சுமப்பது வணிகர் கணக்கிலும் நட்டமே.

‘நூற்றுக்கணக்கில் சுவிட்சுகள் உள்ள பெரிய நிறுவனங்கள் என்ன செய்யும்?’ என்பது அடுத்த கேள்வி. அவை மூன்றாம் பதிப்பை முதன்மைச் சர்வரோடு பயன்படுத்தலாம்; அல்லது, ஒரே பட்டியலை எல்லாச் சுவிட்சுகளுக்கும் நிரல் எழுதி அனுப்பலாம். நிரலை ஒருவர் படித்துப் பார்த்த பிறகே இயக்க முடியும். ‘வேறு நிறுவனச் சுவிட்சுகள்?’ என்பாருக்கு, பொதுத்தரத்திலும் இத்தகைய பரப்பும் முறைகள் உண்டு. 802.1கியூவோடு வந்த ஜி.வி.ஆர்.பி.யும், அதன் இடத்தில் 2007 இல் வந்த எம்.வி.ஆர்.பி.யும் அவை. அவற்றிலும், எந்தப் போர்ட்டில் வரும் பதிவை ஏற்பது, எதில் மறுப்பது என்று வரையறுக்க இடம் உண்டு. எந்த முறையாயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது?

செய்ய வேண்டுவன

நான் முன்வைப்பவை ஐந்து.

முதலாவது, சிறிய வளாகங்களில் எல்லாச் சுவிட்சுகளையும் டிரான்ஸ்பரன்ட் நிலையில் வைக்க வேண்டும். நிறுத்திவைக்கும் வசதி இருந்தால் வி.டி.பி.யை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, டிரங்க் ஒவ்வொன்றிலும் தேவையான எண்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும். அதனை இரு முனைகளிலும் ஒன்றுபோல் எழுத வேண்டும்.

மூன்றாவது, கணிப்பொறி மாட்டும் போர்ட்டுகளை டிரங்க் ஆகாதவாறு கட்ட வேண்டும். சில பழைய வகைகளில் போர்ட்டுகள் எதிர்ப்பக்கத்தோடு தாமே பேசி டிரங்க் ஆகிவிடும். டிரங்க் இல்லையேல் வி.டி.பி. அறிவிப்புக்கு வழியே இல்லை.

நான்காவது, ஆய்வகத்துப் பயிற்சிச் சுவிட்ச் வளாக வலையில் சேரவே கூடாது. சேர்க்க நேர்ந்தால், முன்னதாகவே அதனை டிரான்ஸ்பரன்ட் நிலைக்கு மாற்ற வேண்டும். அப்போது திருத்த எண் சுழியாகும். அது சுழிதானா என்று கண்ணால் பார்த்த பிறகே கம்பியைச் செருக வேண்டும்.

ஐந்தாவது, பதிவேடு. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு சோதனைக் குழாய் உடைந்தாலும் அது இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. ஆண்டுதோறும் சரிபார்ப்பும் நடக்கிறது. வளாகம் முழுவதையும் இணைக்கும் வி-லேன் பட்டியலுக்கு ஒரு பதிவேடு வேண்டாவா? எந்த எண், எந்தத் துறைக்கு, எந்தச் சுவிட்சில், யார் எழுதியது, எந்நாளில் என ஐந்து பத்திகள் போதும். இதற்கு மானியமும் வேண்டுவதில்லை. ஒப்புதலுக்குக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் ஒருவர் பொறுப்புமே தேவை. அப்பொறுப்பை மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பேராசிரியர் மேற்பார்வையில் அளித்தால், படிப்பவருக்கு அதைவிடச் சிறந்த செய்முறை இராது.

இயந்திரம் எண்ணை மதிக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவே. அதைக் குறை சொல்வதற்கில்லை. எந்த எண்ணை எப்போது மதிக்கலாம் என்று வரையறுக்க வேண்டியவர்கள் நாம். அந்த வரையறையை எழுதாமல் விட்டுவிட்டு, விபத்து நேர்ந்தபின் பெட்டியைப் பழிப்பது முறையன்று. வரும் கல்வியாண்டு தொடங்குமுன், நம்மால் இயன்ற இடத்திலெல்லாம் இந்தச் சுவர்ப்பெட்டிகளைத் திறந்து அவற்றின் திருத்த எண்ணைப் பார்த்துக் குறித்து வைப்போம். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.